வாயில் தெரியும் குடல்



இந்தப் பேச்சுக்கான அழைப்புக் கடிதத்தில் ஒரு வேண்டுகோள் இருந்தது. மருத்துவர்களும் மாணவர்களும் இருக்கும் இந்த அவைக்குப் பொதுமக்களும் வருவார்கள். எல்லாருக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் பல் மருத்துவன். அதிலும் வாய்நோய்ப் பிரிவில் 30 ஆண்டுகளாக இருப்பவன். பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் உங்களுக்குப் பல் கூசிவிடும். ஆகவே பல்லை விட்டுவிடுகிறேன். பல்லைச் சுற்றியுள்ள சதையையும், அது சில நேரம் சொல்லும் வயிற்றுச் சேதியையும் பற்றிப் பேசுகிறேன்.

பாட்டியின் தீர்ப்பு

நம் வீடுகளில் யாருக்காவது வாய்ப்புண் வந்தால் முதலில் வருகிற தீர்ப்பு, "வயிறு புண்ணாயிருக்கு, அதான் வாய் வெந்துபோச்சு" என்பதுதான். கிராமத்தில் அக்கரம் என்பார்கள், உடல் சூடு என்பார்கள். அன்றைக்குச் சமையலில் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் சேரும். அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் ஒரு அட்டை.

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வாய்ப்புண் வந்து வந்து போகிறது. மனக்கவலை இருந்தாலும், தேர்வு நெருங்கினாலும், உடைந்த பல்லின் முனை உரசினாலும் வரும். பத்துப் பன்னிரண்டு நாளில் தானாக ஆறிவிடும். அவர்களுடைய குடலில் ஒரு குறையும் இருக்காது.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளே சிலர் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் பாட்டி சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அவர்களைக் கூட்டத்திலிருந்து எப்படிப் பிரித்து அறிவது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு பிள்ளையின் கதை

எந்த நோயாளியையும் அடையாளம் காட்டக் கூடாது. ஆகவே பல பிள்ளைகளிடம் கண்டதைச் சேர்த்து ஒரு பிள்ளையின் கதையாகச் சொல்கிறேன்.

பையனுக்கு 13 வயது. கீழுதடு வீங்கி இரண்டு மாதம் ஆகிறது. முதலில் பூச்சிக்கடி என்றார்கள். பிறகு அலர்ஜி என்று ஊசி போட்டார்கள். வீக்கம் கொஞ்சம் குறைவதும் கூடுவதுமாக இருந்ததே தவிர வற்றவில்லை. உதட்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. "பல்லு ஏதாச்சும் சீழ் பிடிச்சிருக்கா பாருங்க சார்" என்று அம்மா அழைத்து வந்தார்.

பல்லெல்லாம் நன்றாக இருந்தது. கன்னத்தை விலக்கி, வெற்றிலை போடுகிறவர்கள் தாம்பூலத்தை அடக்கிவைத்துக்கொள்ளும் அந்தப் பள்ளத்தில் விளக்கைக் காட்டினேன். கத்தியால் கீறினாற்போல நீளமான புண். அதன் இரண்டு கரையிலும் மடிந்து தடித்த சதை.

"பையன் என்ன கிளாஸ்?"

"எட்டாவதுங்க."

"போன வருஷ யூனிஃபார்ம் இந்த வருஷமும் பத்துதா?"

அம்மா சிரித்தார். "அப்படியே பத்துதுங்க சார். செலவு மிச்சம்."

"வயிறு எப்படி?"

சிரிப்பு நின்றது. "அப்பப்ப வலிக்குதும்பான். ஸ்கூலுக்கு மட்டம் போடத்தான் சொல்றான்னு நெனச்சோம்."

பையன் குனிந்த தலை நிமிராமல், ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து கழிப்பறைக்குப் போவதைச் சொன்னான். அம்மாவுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

உதடு ஒரு மருத்துவரிடம் போயிருந்தது. வயிற்றுவலி மருந்துக்கடையோடு நின்றிருந்தது. வளர்ச்சி நின்றுபோனதை யாரும் எந்த மருத்துவரிடமும் கொண்டுபோகவில்லை. மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள்.

எந்த நோய்?

குடல் அழற்சி நோய் என்ற பெயரில் முக்கியமாக இரண்டு நோய்கள் அடங்கும். ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். இது பெருங்குடலின் உள்சவ்வைப் பிடிக்கும் நோய். மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேலேறும். இரத்தமும் சளியுமாக மலம் போவது இதன் அடையாளம். இன்னொன்று கிரோன் நோய். நான் சொன்ன பையனுக்கு இருந்தது இதுதான். இது உதடு முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று விட்டுவிட்டுப் பிடிக்கும். குடல் சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவும். இரண்டிலும் உடலின் காவல்படை தன் வீட்டுச் சுவரையே இடித்துக்கொண்டிருக்கிறது. நாம் பேச்சுவழக்கில் 'அல்சர்' என்று சொல்லும் இரைப்பைப் புண் வேறு, இது வேறு.

வெள்ளைக்காரர் நாட்டு நோய், நமக்கு வராது என்று நான் மாணவனாக இருந்தபோது சொல்வார்கள். பஞ்சாபில் வீடுவீடாகப் போய் எடுத்த கணக்கு 2003இல் வெளியானது. லட்சம் பேரில் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது. வராது என்ற பேச்சு அதோடு முடிந்துபோனது.

கிரோன் நோயின் வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூவர் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அகரவரிசையில் கிரோன் பெயர் முதலில் வந்ததால் நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டும் வரும் நோய் என்றே அவர்கள் கருதினார்கள். பெருங்குடலிலும் இது வரும் என்பதை 1960இல் லண்டன் மருத்துவர்கள் நிலைநாட்டினார்கள். வாயிலும் வரும் என்ற குறிப்பு 1969இல்தான் அச்சேறியது. அத்தனை ஆண்டுகளும் நோய் அங்கேதான் இருந்தது; பார்த்தவர்கள்தான் இல்லை.

வாயில் என்ன பார்க்க வேண்டும்?

வாயில் தெரியும் அடையாளங்களை இரண்டு கூடையில் போடலாம். முதல் கூடையில் இருப்பவை கிரோன் நோயையே சுட்டுபவை. இவை குறைவாகத்தான் வரும். வந்தால் விடக் கூடாது.

உதட்டு வீக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். அலர்ஜியால் வரும் வீக்கம் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் வற்றிவிடும். இது வாரக்கணக்கில் நிற்கும், வலிக்காது, தொட்டால் கெட்டியாக இருக்கும். அடுத்து, கன்னத்தின் உட்புறத்தில் கூழாங்கல் பாவியது போன்ற மேடுபள்ளம். குடலுக்குள் எண்டோஸ்கோப்பி காட்டும் அதே கூழாங்கல் தோற்றம்தான். கன்னத்தில் என்றால் அதை வெறுங்கண்ணால் பார்த்துவிடலாம். அடுத்து, நான் சொன்ன பள்ளத்தில் வரும் நீளக் கீறல் புண். அதை ஒட்டித் தொங்கும் சிறு சதை மடிப்புகள். பல்லில் காரை இல்லாமலேயே ஈறு முழுக்கச் சிவந்து தடித்திருப்பதும் இந்தக் கூடையைச் சேர்ந்ததே.

உதடும் முகமும் இப்படி வீங்கி, சதைப் பரிசோதனையில் கிரானுலோமா என்னும் அழற்சி முடிச்சு தெரிந்தால், அந்த நிலைக்கு ஓரோஃபேசியல் கிரானுலோமடோசிஸ் என்று 1985இல் பெயர் வைத்தார்கள். இது வந்தவர்களுக்கெல்லாம் கிரோன் நோய் இல்லை. சிலருக்கு லவங்கப்பட்டையும் பென்சோயேட் சேர்த்த உணவு, குளிர்பானங்களும் தூண்டுகோலாக இருக்கின்றன; அவற்றை நிறுத்தினால் வீக்கம் குறைகிறது. வேறு சிலருக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, உதடு வீங்கிப் பல மாதமோ சில ஆண்டோ கழித்துக் குடல் நோய் வெளிப்படுகிறது. ஆகவே இந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். உயரமும் எடையும் குறித்துக்கொண்டே வர வேண்டும்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸை ஒட்டி அபூர்வமாக வருவது ஒன்று உண்டு: சிவந்த சவ்வின்மேல் கடுகளவு மஞ்சள் சீழ்ப்புள்ளிகள் தோன்றி, உடைந்து, நத்தை ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து கிடக்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

இரண்டாவது கூடைதான் பெரியது, ஏமாற்றுவதும் அதுதான். சாதாரண வாய்ப்புண், கடைவாய்ப் புண், வழவழவென்று சிவந்து ரசத்துக்கே எரியும் நாக்கு, வெளுத்த ஈறு. இவை யாருக்கும் வரும். குடல் நோயாளிக்கு ஏன் வருகின்றன? பி12 சத்தைக் குடல் உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். கிரோன் நோய் விரும்பிக் குடியேறும் இடமும் அதுவே. புண்ணான குடலில் இரத்தம் சிறுகச் சிறுகக் கசிவதால் இரும்புச்சத்து குறைகிறது. அழற்சி நீடிப்பதாலும், சாப்பாடு குறைவதாலும், சில மருந்துகளாலும் ஃபோலிக் அமிலமும் குறைகிறது.

இங்கேதான் நாம் எல்லாரும் தடுமாறுகிறோம். சத்துக்குறைவு என்று கண்டுபிடிக்கிறோம், மாத்திரை எழுதுகிறோம், நாக்கு ஆறுகிறது, மாத்திரை நின்றதும் மறுபடி எரிகிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம், பானையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. நன்றாகச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைக்கு, கீரையும் முட்டையும் மீனும் தின்னும் இளைஞனுக்கு இரும்பும் பி12-ம் ஏன் குறைந்தன என்ற கேள்வியைக் கேட்டுவிட்டால் பாதி வழி கடந்தாயிற்று.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பாக்கு, புகையிலை போடுகிறவருக்கு ஒரே இடத்தில் கெட்டியான புண் வந்து இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் முதலில் நினைக்க வேண்டியது புற்றுநோயை. கிரோனைப் பற்றிப் படித்த உற்சாகத்தில் அதைக் கோட்டைவிடக் கூடாது. வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்பில் புண்ணும் கண் சிவப்பும் சேர்ந்தால் பெசெட் நோயை நினைக்க வேண்டும். கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயிலும் வாய்ப்புண் உண்டு.

இரண்டு நாற்காலிகள்

அயர்லாந்தின் டப்ளினில், புதிதாகக் கிரோன் நோய் கண்டறியப்பட்ட பிள்ளைகளின் வாயைப் பல் மருத்துவர்கள் முறையாகப் பரிசோதித்தார்கள். 2005இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 48 பிள்ளைகளில் 20 பேருக்கு வாயில் நோயின் அடையாளம் இருந்தது. அந்த 20 பேரில் பாதிக்கும் குறைவானவர்களிடமே குடல் மருத்துவர்கள் அதைக் கவனித்திருந்தார்கள்.

இதில் யாரையும் குறைசொல்வதற்கில்லை. என் நாற்காலி சாயும். தலைக்கு மேல் நல்ல விளக்கு இருக்கிறது. கையில் கண்ணாடி இருக்கிறது. குடல் மருத்துவரின் அறையில் கட்டில் இருக்கிறது. அவர் கை நேரே வயிற்றுக்குப் போகிறது. என் நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் நான் மலம் கழிப்பதைப் பற்றிக் கேட்டால் அவர் திகைப்பார். கேட்க எனக்கும் கூச்சம். வாயும் குடலும் ஒரே குழாய்தான். நாம் கட்டிய மருத்துவமனையில் அதற்கு இரண்டு கட்டடம், இரண்டு சீட்டு, இரண்டு வரிசை.

டிபியா, கிரோனா?

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில்தான் குடல் காசநோயும், அதாவது டிபியும், பெரும்பாலும் வரும். அதிலும் காய்ச்சல், எடை இழப்பு, வயிற்றுவலி, அதிலும் கிரானுலோமா. கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் டால்ஸியல் 1913லேயே இந்த மயக்கத்தைக் கண்டவர். காசநோய் போலவே தோன்றிய குடல்களில் காசநோய்க் கிருமியைக் காணாமல், இது வேறொரு நோய் என்று எழுதினார். இன்றைக்கும் சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் அதே மயக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தவறினால் இரண்டு பக்கமும் ஆபத்து. டிபியைக் கிரோன் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவும். கிரோனை டிபி என்று எண்ணிக் கூட்டு மருந்தை மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தால் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் சில குறிப்புகள் உதவும்: பாலாடைபோல நடுவில் சிதைந்த, பெரிய, ஒன்றோடொன்று கூடிய கிரானுலோமா டிபியின் பக்கம், சிறியதாக, சிதையாமல், ஒன்றிரண்டாக இருப்பது கிரோனின் பக்கம். பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பியில் புண் குடலுக்குக் குறுக்கே ஓடினால் டிபி, நெடுக ஓடினால் கிரோன் என்பது பொதுவிதி. வயிற்றில் நீர் கோத்திருப்பது, நெஞ்சு எக்ஸ்ரேயில் தழும்பு ஆகியவை டிபிக்குச் சாட்சி.

கிரோனுக்குச் சாட்சி சொல்ல வருபவற்றில் ஒன்று ஆசனவாய்ப் பக்கத்துப் பௌத்திரம். பேருந்து நிலையச் சுவரெல்லாம் "மூலம், பௌத்திரம்" என்று விளம்பரம் பார்க்கிறோம். திரும்பத் திரும்ப வரும் பௌத்திரத்துக்கு உள்ளே குடல் நோய் இருக்கலாம் என்று அந்த விளம்பரம் சொல்லாது. இன்னொரு சாட்சி வாய். குடல் பரிசோதனை முடிவு இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும்போது, கன்னத்தில் ஒரு கூழாங்கல் மேடு தெரிந்தால் அது தராசில் வைத்த ஒரு கல். அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் சதைத் துணுக்கு எடுத்துவிடலாம். மேலாக எடுத்தால் பயனில்லை. கிரானுலோமா ஆழத்தில் இருக்கும். சாதாரணப் புண்ணிலிருந்து எடுத்தாலும் வெறும் அழற்சிதான் தெரியும். தடித்த சதையிலிருந்து எடுக்க வேண்டும். வாயிலும் டிபி வரும், தொழுநோயும் வரும், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயும் வரும். ஆகவே அந்தத் துணுக்கிலும் கிருமிக்கான சாயப் பரிசோதனை கட்டாயம். வாய் தனியாகத் தீர்ப்பு எழுதாது; நல்ல சாட்சியாக இருக்கும்.

சந்தேகம் வந்த பிறகு

சந்தேகம் வந்தால் உடனே கொலோனாஸ்கோப்பியா என்று பயப்பட வேண்டாம். முதலில் இரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்பு, பி12, ஆல்புமின், அழற்சியைக் காட்டும் சிஆர்பி. பிறகு மலத்தில் கால்ப்ரோடெக்டின். வெள்ளையணுக்களில் உள்ள ஒரு புரதம் அது. குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் குடலில் அழற்சி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கூடியிருந்தால் அது கிரோனேதான் என்று பொருளில்லை; டிபியிலும், கிருமித் தொற்றிலும், வலி மாத்திரை தின்றாலும் கூடும். அடுத்த கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று சொல்வதே அதன் வேலை. அதற்கு அப்பால் குடல் மருத்துவர், கொலோனாஸ்கோப்பி, ஸ்கேன்.

சீக்கிரம் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது, முழுதாகக் குணமாகாத நோய்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கிரோன் நோய் தொடக்கத்தில் அழற்சி. நாளாக நாளாகத் தழும்பு. அழற்சிக்கு மருந்து கேட்கும். தழும்பேறிச் சுருங்கிய குடலைக் கத்திதான் திறக்க வேண்டும். 1998இல் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற உயிரியல் மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்த பிறகு மருந்துகள் பல வந்துவிட்டன. அவை நன்றாக வேலைசெய்வது தழும்பு விழுமுன். பிள்ளைகளுக்கு இன்னொரு கெடுவும் உண்டு. வளரும் வயது முடிந்துபோனால் இழந்த உயரம் திரும்பாது.

தொழில் தோழர்களுக்கும் மற்றவர்களுக்கும்

பல் மருத்துவ மாணவர்களே, மூன்று வாரம் தாண்டிய வாய்ப்புண்ணோ, வற்றாத உதட்டு வீக்கமோ கண்டால் வயிற்றைப் பற்றிக் கேளுங்கள். வயிற்றுப்போக்கு எத்தனை வாரமாக, ராத்திரியில் எழுப்புகிறதா, இரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, பௌத்திரம் வந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா. ஒரு நிமிடக் கேள்வி இது. பிள்ளை என்றால் யூனிஃபார்மைக் கேளுங்கள். குடல் அழற்சி நோய் இருக்கிறது என்று தெரிந்தவருக்குப் பல் பிடுங்கிய பிறகு வழக்கப்படி இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எழுதாதீர்கள். அவை அடங்கியிருக்கும் குடலைக் கிளப்பிவிடக் கூடும். பாராசிட்டமால் போதும்.

பொது மருத்துவர்களே, குடல் மருத்துவர்களே, வயிற்றில் கை வைக்குமுன் ஒரு டார்ச்சும் மரக்குச்சியும் எடுங்கள். நாக்கோடு நிறுத்தாமல் உதட்டை மடித்து, கன்னத்தை விலக்கி, அந்தப் பள்ளத்தைப் பாருங்கள்.

அவையில் இருக்கும் தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் என் வேண்டுகோள் இது. வாய்ப்புண் வந்தால் பயப்படாதீர்கள். மணத்தக்காளிக் கீரை தாராளமாகச் சமையுங்கள். மூன்று வாரத்தில் ஆறாவிட்டால், அல்லது மாதாமாதம் வந்துகொண்டே இருந்தால், மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டும்போது வயிற்றைப் பற்றியும் சொல்லுங்கள். பல் டாக்டரிடம் போய் அதைச் சொல்வதா என்று கூச்சப்பட வேண்டாம். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.